மூடியைத் திறக்காமல்

ஜூன் 10

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

நீங்கள் கறி சுடும் கிரில்லில் மழைத் தண்ணீர் நிற்கிறது. அன்றைக்கு நான் ஊற்றிய தண்ணீரும் அதிலேயேதான் கிடக்கிறது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. கரியும் சாம்பலும் ஊறிக் கறுப்புக் கூழாகிவிட்டன. மேலே கொசு முட்டையிட்டிருக்கிறது. டிப்போ வெல்டரிடம் சொல்லி எண்ணெய் டிரம்மை நீளவாக்கில் வெட்டி, கீல் வைத்து, கைப்பிடி வைத்து, நீங்கள் ஓட்டும் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வந்த பொருள். நானாகத் தூக்கிப் போட மனம் வரவில்லை. வந்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லை ஆளை அனுப்புங்கள்.

இன்னொன்று. நீங்கள் வாங்கிய மாட்டு விலாவில் ஒரு பாளம் ஃப்ரீசரில் கிடக்கிறது. அன்றைக்கு ஒன்றுதான் நெருப்பில் ஏறியது, மற்றது அப்படியே இருக்கிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பிள்ளை, நம் உருளை, நன்றாக இருக்கிறான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். அது சளிக்கிருமி, புகையால் வந்ததில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் இந்த வயதுப் பிள்ளைக்குப் புகை ஆகவே ஆகாது என்றும் அதே மூச்சில் சொன்னார். நம் இருவரில் யார் ஜெயித்தது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. அவனுக்கு மூச்சு இழுத்ததும், உங்கள் டிப்போ ஆட்கள் தட்டோடு நின்றுகொண்டிருக்க, நான்கு மணி நேரம் நீங்கள் கட்டிக் காத்த நெருப்பின்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். அந்தச் 'சுர்' சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

நீங்கள் என்னை 'லேபு' என்று கூப்பிடக் காரணமான அந்த லேபில், ஜூலை பதினைந்தாம் தேதி வேலைக்குத் திரும்ப வேண்டும். காலை ஏழிலிருந்து ஒன்று வரை உருளையை நீங்கள் பார்த்துக்கொள்வதாக இருந்தது. இப்போது அது இல்லை என்றாகிவிட்டது. அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. கிரில்லுக்காகத்தான்.

பகலில் எப்போது அடித்தாலும் உங்கள் ஃபோன் அணைந்தே இருக்கிறது. அதனால்தான் கடிதம். உங்கள் தம்பியிடம் கொடுத்தனுப்பலாம் என்றால், "என்னை இதுல இழுக்காதே" என்கிறார். தபாலில் போடுகிறேன்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 13

லேபுக்கு,

லெட்டர் வந்துச்சு. கிரில்ல பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடு. தண்ணிய சாய்ச்சுட்டுப் போடு, இல்லேன்னா தண்ணியால கனம் காட்டி ஏமாத்தறோம்னு சண்டைக்கு வருவான்.

விலாவ உங்க தெருமுனையில படுத்திருக்குமே ஒரு கறுப்பு நாய், அதுக்குப் போடு. அதுவாவது வாளியத் தூக்காம சாப்பிடும்.

ஆள் எல்லாம் அனுப்ப முடியாது. எனக்கு இருக்கறது ஒரு உடம்பு. அது பஸ் ஓட்டவே பத்தல.

அக்கா

உருளைக்கு ராத்திரி மூச்சு எப்படி இருக்கு? இழுக்குதா? இது லெட்டர்ல சேராது. சும்மா கேட்டேன்.


ஜூன் 16

அக்காவுக்கு,

மூச்சு சீராக இருக்கிறது. இழுக்கவில்லை. நான் விரலை மூக்கருகே வைத்துப் பார்ப்பேன். வைத்ததும் அவன் விழித்துவிடுவான். விழித்தால் அழுவான். பிறகு இரண்டு பேரும் விடியும்வரை ஹாலில் நடப்போம். உங்கள் தம்பி எழுந்து வந்து, "தூங்கற பிள்ளைய எழுப்பி, உசுரோட இருக்கியான்னு கேக்கறது உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்பார். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார்.

நாய்க்குப் போடலாம் என்று பாளத்தை வெளியே எடுத்தேன். உறைந்துபோய்ப் பலகை மாதிரி இருந்தது. அந்த நாய்க்குப் பல்லே இல்லை அக்கா. திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். ஆனால் வைக்கவும் முடியாது. வேலைக்குப் போவதென்றால் இப்போதிருந்தே தாய்ப்பாலை எடுத்து உறையவைத்துச் சேர்க்க வேண்டும். நம் ஃப்ரீசரில் இருப்பது ஒரே தட்டு. அதில் உங்கள் விலா கோணலாகப் படுத்திருக்கிறது. நான்கு புட்டிக்குத்தான் இடம் மிச்சம். ஒரு மாட்டின் விலாவும் என் பிள்ளையின் பாலும் இடத்துக்குச் சண்டை போடுகின்றன. ராத்திரி மூன்றாவது முறையாக அந்தக் கதவைத் திறந்து, புட்டியை எங்கே சொருகுவது என்று நின்றபோது, சிரிப்பு வந்து, அது அழுகையாகி, என்னவென்று பார்க்க வந்த உங்கள் தம்பி "ஃப்ரீசரை மூடு, கரன்ட் வீணாகுது" என்றார்.

நேற்று ஒரு குழந்தைகள் காப்பகம் போய்ப் பார்த்தேன். தரை சுத்தம். பொம்மைகள் எல்லாம் கழுவியிருந்தன. ஒரு பிள்ளை மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி நின்றது. அழவில்லை. அழுது முடித்திருந்தது. பார்த்துக்கொள்ளும் பெண் நல்லவள்தான். ஆனால் அவளிடம் ஏழெட்டுக் கேள்வி கேட்டதும், "உங்க பிள்ளை ஒண்ணுதானேம்மா?" என்றாள். முதல் பிள்ளை என்பதால் பதறுகிறேன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து வேலையை விட்டுவிடலாம் என்றேன். "நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் உங்கள் தம்பி. காப்பகமா, வேலையா, எது நன்றாக இருந்தது என்று அவர் சொல்லவில்லை.

அந்த விலாவை நானே சமைத்துவிடலாம் என்று இருக்கிறேன். தூக்கிப் போட மனமில்லை, வைக்க இடமில்லை. எப்படிச் செய்வது என்று எழுதினால் போதும். நீங்கள் வர வேண்டாம். இந்த வாசல்படியை இனி மிதிக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னது எனக்குத் தெரியும். அதற்கு நான் தகுதியானவள்தான். ஆனால் எழுதலாமே.


ஜூன் 19

லேபு,

வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு நான் எப்போ சொன்னேன்? யார்கிட்ட சொன்னேன்? நீதானே சொல்லி அனுப்பின, "அக்கா கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வர வேண்டாம்"னு! ஆஸ்பத்திரிக்கு நான் வந்தேன் தெரியுமா? கீழ கேன்டீன்லயே உட்கார்ந்திருந்தேன். உன் புருஷன் இறங்கி வந்து, "அவ உன்னப் பார்த்தா கத்துவா, நீ கிளம்புக்கா"ன்னான். வாங்கி வச்சிருந்த டீய அவனே குடிச்சான். நான் கிளம்பிட்டேன். அவன் கைல உருளைக்குன்னு ஒரு போர்வை குடுத்தேனே, மஞ்சள் கலர். வந்துச்சா, அதுவும் வரலயா?

அவன்கிட்டயே கேளு. நான் கேட்டா அடிதான் குடுப்பேன்.

சரி, விலா. எழுதறேன், படிச்சுட்டு அப்படியே செய். உன் படிப்பெல்லாம் இதுல காட்டாத.

முந்தின நாளே ஃப்ரிட்ஜ்ல கீழ்த் தட்டுல எடுத்து வச்சிடு, தானா இளகட்டும். எலும்புப் பக்கம் வெள்ளையா ஒரு சவ்வு இருக்கும். கத்தி முனையால ஒரு ஓரத்தத் தூக்கிவிட்டு, துணியால பிடிச்சு இழு, உரிஞ்சு வந்துடும். கல்லுப்பு, இடிச்ச மிளகு. அவ்வளவுதான். மசாலா டப்பாவத் தொட்டா தெரிஞ்சிடும் எனக்கு.

டிரம்முல கரி ஒரு ஓரம் மட்டும். கறி அடுத்த ஓரம். கறிக்கு அடியில ஒரு தட்டுல தண்ணி. நெருப்பு கறியத் தொடவே கூடாது, பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி தள்ளி நின்னு சூடு குடுக்கணும். கரி வெள்ளை பூத்ததும் காஞ்ச பழமரக் கட்டை ஒண்ணு, உன் முஷ்டி அளவு, அது மேல வை. முதல்ல பழைய டீசல் வண்டி மாதிரி வெள்ளையாக் கக்கும். அது ஆகாது, கசக்கும். காத்திரு. புகை மெலிஞ்சு, இருக்கா இல்லையான்னு தெரியாத மாதிரி லேசா நீலமா வரும். அதுதான் புகை. அப்போ கறிய வச்சு மூடு.

மூடில ஒரு மீட்டர் இருக்கே, அது பஸ் ரேடியேட்டர் சூடு காட்டற மீட்டர். முள் பச்சைல நிக்கட்டும். ஏறினா பக்கவாட்டுல இருக்கற காத்துத் துளைய அடை, இறங்கினா திற. பஸ் ஓட்டற மாதிரிதான், சும்மா சும்மா மிதிக்கக் கூடாது.

ஆறு மணி நேரம். பாதில, வேகவே இல்ல, நின்னுபோச்சுன்னு தோணும். எல்லாருக்கும் தோணும். அங்கதான் எல்லாரும் கெடுக்கறாங்க. மூடியத் திறக்காத. கம்பி குத்தினா வெண்ணெய்ல போற மாதிரி போகணும், எலும்பு விரல் அகலத்துக்கு வெளிய தெரியணும். அப்போதான் ஆச்சு.

உருளை வீட்ல இருக்கக் கூடாது அப்போ. இத நீ சொல்லி நான் கேட்டிருக்கணும். சரி.

அக்கா


ஜூன் 24

அக்கா,

மஞ்சள் போர்வை வந்தது. "ஆஸ்பத்திரிக் கடைல வாங்கினேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார். உருளை அதில்தான் தூங்குகிறான்.

உங்கள் கடிதத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பாதி படித்ததும் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் தேடினார். வீட்டில் எதைக் கேட்டாலும் அவருக்கு உடனே எதையாவது கழற்ற வேண்டும்.

"ஏங்க, அக்கா இங்க வர மாட்டேன்னு சொன்னாங்களா?"

"சொன்ன மாதிரிதான்."

"சொன்னாங்களா, சொன்ன மாதிரியா?"

"அவ முகம் சொல்லுச்சு."

"நான் அவங்கள வர வேண்டாம்னு சொன்னேனா?"

"உன் முகமும் சொல்லுச்சு."

அவரே தொடர்ந்தார். "ரெண்டு பேரும் கொஞ்சம் ஆறட்டும்னு பார்த்தேன். ஒரு பக்கம் அவ, ஒரு பக்கம் நீ. லிஃப்ட்ல ஆள் அதிகமானா மணி அடிக்கும். எனக்கு மணிகூட வைக்கல யாரும்." எல்லா லிஃப்டையும் சரி செய்யும் மனிதர், இந்த வீட்டில் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். திட்ட ஆரம்பித்தவள், முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். திட்டவும் தெம்பு வேண்டும் அக்கா.

விலா கெட்டுப்போயிற்று. அதாவது, கெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உருளையைத் தூக்கிக்கொண்டு உங்கள் தம்பி தன் நண்பர் வீட்டுக்குப் போனார். நான் டிரம்மைத் தேய்த்துக் கழுவி, நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் எழுதிய வரிசையில் செய்தேன். சவ்வு ஒரே இழுப்பில் வந்தது, பெருமையாக இருந்தது. நீலப் புகையும் வந்தது. கறியை வைத்து மூடினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் உள்ளே கரி அணைந்துவிட்டதோ என்று தோன்றியது. திறந்தேன். அணையவில்லை. மூடினேன். தண்ணீர் வற்றியிருக்குமோ? திறந்தேன். கறி ஒரு பக்கம் கருகுகிறதோ? உங்கள் தம்பிக்கு ஃபோன் அடித்து, உருளை மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இன்னொரு கையால் மூடியைத் திறந்தேன். மீட்டர் முள் விழுந்துகொண்டே இருந்தது. கரியைக் கூட்டினேன். ஏறியது. பயந்து திறந்தேன். சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்தபோது வெளியே கறுப்பாகவும் உள்ளே ரப்பராகவும் ஒரு பொருள் இருந்தது. உங்கள் தம்பி வெகு நேரம் மென்றார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். விழுங்கவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததே வேறு ஒன்றுக்காக. கையில் வாளியோடு உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னேன். "பெத்தவளுக்குத்தான் தெரியும்" என்றேன். டிப்போ ஆட்கள் எல்லாரும் கேட்டார்கள். தண்ணீர் ஊற்றியதுகூட பயத்தில்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வார்த்தை பயத்தில் வந்ததில்லை. எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்தே சொன்னேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழி எனக்குத் தெரியவில்லை. எடுக்க முடியாது என்று மட்டும் தெரிகிறது.


ஜூன் 28

லேபு,

எத்தனை தடவ திறந்த? வேண்டாம், சொல்லாத. படிக்கும்போதே எனக்கு வேர்த்துடுச்சு.

ஒவ்வொரு தடவ திறக்கும்போதும் உள்ள இருக்கற வெக்கை அத்தனையும் போயிடும். அது திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும். நீ அத வேகவே விடல. பாவம் அந்த மாடு, ரெண்டு தடவ செத்துச்சு உன் கைல. பிள்ளையையும் இப்படித்தானே ராத்திரி பூரா எழுப்பி வச்சிருக்க. அவன் தூங்கினாத்தானே வளருவான்.

அந்த வார்த்தையப் பத்தி நான் எழுதக் கூடாதுன்னு இருந்தேன். நீயே எழுதிட்ட.

எங்கம்மா போனப்போ எனக்குப் பதிமூணு வயசு, உன் புருஷனுக்கு ரெண்டு. அவனுக்கு மழைக்காலம் வந்தா இழுக்கும். அப்பாவுக்கு ராத்திரி வேலை. அவன என் வயித்து மேல போட்டுக்கிட்டு, மூச்ச எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன். எண்ணிக்கை விட்டுப்போனா உசுரே போயிடும். திரும்ப எண்ணுவேன். பெத்தவளுக்குத்தான் தெரியும்னா, எனக்கு எப்படித் தெரிஞ்சுது? நீ இப்போ மூக்குகிட்ட விரல் வைக்கறியே, நான் உன்னக் கேலி பண்றேன், ஆனா நானும் வச்சவதான்.

அன்னைக்கு டிப்போ பசங்க முன்னாடி அது எனக்கு வலிச்சுது. டிக்கெட் கிழிக்கற பையன்கூட தலையக் குனிஞ்சுக்கிட்டான். அவன் குனிஞ்சதுதான் ரொம்ப வலிச்சுது.

மன்னிச்சுட்டேன்னு எழுதப் பார்த்தேன். பேனா போக மாட்டேங்குது. வந்தா எழுதறேன். வரலன்னு கோவம்னு நினைச்சுக்காத. அலுப்பு. எல்லாத்துக்கும் மேல அலுப்பா இருக்கு இப்போல்லாம்.

டெர்மினஸ்ல உட்கார்ந்து, ஸ்டீயரிங் மேல பேப்பர வச்சு எழுதறேன். கடைசி டிரிப் முடிஞ்சுது, விடியப் போகுது. பின் சீட்டுல ஒருத்தன் குடிச்சுட்டுத் தூங்கறான், அவன எழுப்பணும். எழுத்து கோணலா இருந்தா பஸ்ஸத் திட்டு.

அக்கா


ஜூலை 1

அக்கா,

விடியப் போகிறதா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த வரியில் நின்றுவிட்டேன். நீங்கள் காலை டூட்டிக்காரர். உருளையைப் பகலில் பார்த்துக்கொள்வதற்காக நைட் டூட்டி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று சண்டைக்கு முன்னால் சொன்னீர்கள். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லி மாற்றிக்கொண்டிருப்பீர்கள் என்றே நினைத்தேன். பகலில் ஃபோனை அணைத்து வைப்பது என்மேல் உள்ள கோபத்தால் என்று நினைத்தேன்.

தூங்கிக்கொண்டிருந்தீர்களா?

இத்தனை நாளும், பார்த்துக்கொள்ளப் பிள்ளை இல்லாமலே, பிள்ளைக்காக வாங்கிய டூட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? நானும் ராத்திரி பூராவும் விழித்திருக்கிறேன். நீங்கள் எங்கோ ஒரு காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு விழித்திருக்கிறீர்கள். நடுவில் ஒருவர் குறட்டை விடுகிறார்.

லேப் இன்சார்ஜ் நேற்று கூப்பிட்டார். பதினைந்தாம் தேதி வருகிறேனா இல்லையா என்று எட்டாம் தேதிக்குள் சொல்ல வேண்டுமாம். இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள். அந்த வேலை எனக்குப் பிடிக்கும் அக்கா. ரத்தப் பரிசோதனைக் குழாய்களுக்கு நடுவில், வெள்ளைக் கோட்டில், யாருமே அழாத ஒரு அறையில் ஆறு மணி நேரம். அதற்காக ஆசைப்படுவதே தப்போ என்று சில நேரம் தோன்றுகிறது.

கிரில்லுக்காக எழுதுகிறேன் என்று முதல் கடிதத்தில் எழுதினேனே, அது பொய். வாருங்கள். பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மன்னித்துவிட்டு வர வேண்டும் என்றில்லை. மன்னிக்காமலும் வரலாம்.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் லேபிலிருந்து பத்து முறை ஃபோன் அடிப்பேன். மூச்சு விடுகிறானா என்று கேட்பேன். உங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. எனக்கு எதன்மேலும் நம்பிக்கை வரவில்லை. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.


ஜூலை 4

லேபு,

டூட்டிய மாத்தலாம்னு ரெண்டு தடவ ஆபீஸ் வரைக்கும் போனேன். ரெண்டு தடவையும் கிளார்க் சாப்பிடப் போயிருந்தான். அவன் எப்போ சாப்பிடப் போவான்னு எனக்கு நல்லாத் தெரியும். போதுமா?

பத்து ஃபோன் எல்லாம் முடியாது. அவன் தூங்கும்போது அது அடிக்கும், அவன் எழுந்திருப்பான், அப்புறம் அவன் அழறது உனக்குக் கேட்கும், நீ குழாய அங்கேயே போட்டுட்டு ஓடி வருவ. யாரோ ஒருத்தனுக்குச் சர்க்கரை இருக்கா இல்லையான்னே தெரியாமப் போயிடும்.

அதனால ஒரு பரீட்சை. எனக்கில்ல, உனக்கு.

ஞாயித்துக்கிழமை வரேன். வரும்போது நல்ல விலாவா ஒரு பாளம் வாங்கிட்டு வரேன். கிரில்லக் கொல்லைக் கடைசில, மதிலோரமா இழுத்து வை, காத்து சந்துப் பக்கம் போகும். நெருப்ப நான் மூட்டிக் குடுக்கறேன், கறிய நான் வைக்கறேன். அப்புறம் குளிச்சு, துணி மாத்திக்கிட்டு (சோப்பு நீயே குடு, இல்லேன்னா அந்தச் சோப்புல கிருமி போகாதும்ப) உருளையத் தூக்கிக்கிட்டு முன்ரூமுக்குப் போயிடுவேன். எல்லா ஜன்னலும் சாத்தி, பின்கதவையும் சாத்திடுவேன்.

நீ வெளிய. ஆறு மணி நேரம், உன் லேப் கணக்குதான். மூடியத் திறக்கக் கூடாது. கதவையும் திறக்கக் கூடாது. ஃபோன் உள்ள என்கிட்ட இருக்கும். உன் புருஷன வேற எங்கயாவது லிஃப்ட் ரிப்பேர் பண்ண அனுப்பிடு. அவன் இருந்தா உன்கிட்ட ஒண்ணு சொல்வான், என்கிட்ட ஒண்ணு சொல்வான்.

மீட்டர் மட்டும் பாரு. அத எவ்வளவு வேணும்னாலும் பாரு.

முடியலன்னா இப்பவே சொல்லிடு, விலா விலை ஏறிக் கிடக்கு.

அக்கா


ஜூலை 7, ஞாயிறு, பின்வாசல்

அக்கா,

கதவைத் திறக்கக் கூடாது என்றுதானே சொன்னீர்கள். கதவுக்கு அடியில் காகிதம் தள்ளக் கூடாது என்று சொல்லவில்லை.

மூடியைத் திறக்கவில்லை. கைப்பிடியில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு முறை நின்றேன். பிறகு விட்டுவிட்டேன். முள் பச்சையில் இருக்கிறது. புகை கண்ணுக்கே தெரியவில்லை, மணம் மட்டும் இருக்கிறது.

இப்போது அவன் அழுதானே, என்ன?


(அதன் பின்பக்கம்)

பல். வேற ஒண்ணுமில்ல. ஸ்பூன ஃப்ரிட்ஜ்ல வச்சுக் கடிக்கக் குடுத்திருக்கேன். ஸ்பூனக் கொதிக்க வச்சுட்டுத்தான்!

போய் உட்காரு.


அக்கா,

முள் பச்சையிலேயே இருக்கிறது. ஆனால் எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. வேகவே இல்லை, நின்றுபோய்விட்டது என்று தோன்றுகிறது. நீங்கள் சொன்ன இடம் இதுதானா?

உள்ளே சத்தமே இல்லை. சத்தம் இல்லாதது அழுகையைவிட மோசமாக இருக்கிறது. ஒரே ஒரு முறை ஜன்னல் வழியாகப் பார்க்கலாமா? திரையைக் கொஞ்சம் விலக்கினால் போதும்.


(பின்பக்கம்)

இதுதான் அந்த இடம்.

தூங்கறான். என் வயித்து மேல. இத எழுதறதுக்கே கைய அவனுக்கு அடியிலேருந்து உருவ வேண்டியதாப் போச்சு. மூச்சு வருது. எண்ணிட்டேன், உனக்காக இல்ல, பழக்கம்.

ஜன்னல் வேண்டாம். நாற்காலிய நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கோ. கரி அது வேலையப் பார்க்கும், நான் என் வேலையப் பார்க்கறேன். உனக்கு இப்போ ஒரு வேலையும் இல்ல. அந்த மாதிரி உனக்கு எப்போ இருந்துச்சு கடைசியா?


(லேபுவின் மடியில் வைத்திருந்தது)

லேபு,

உன்கிட்டேருந்து காகிதம் வரலன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. முன்ரூம்ல உட்கார்ந்து பின்கதவுக்கு அடியிலயே பார்த்துட்டிருந்தேன். வரல.

கதவத் திறந்துட்டேன். என் சட்டத்த நானே மீறினேன். உருளைய உள்ளயே படுக்க வச்சுட்டு, கதவச் சாத்திட்டுத்தான் வந்தேன், பயப்படாத.

நீ வாயத் திறந்துட்டுத் தூங்கற. தலைய ஒரு பக்கமா சாய்ச்சு, கைல அந்தத் துணியோட. கூப்பிட்டேன், அசையல. மூக்குகிட்ட விரல் வச்சுப் பார்த்தேன். வருது.

ஒரு தடவதான் வந்தேன். சரி, மூணு தடவ.

கறி ஆயிடுச்சுன்னு மணத்துலயே தெரியுது. ஆனா நான் மூடியத் தொடல. நெருப்பு அடங்கிடுச்சு, அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தா இன்னும் நல்லாத்தான் இருக்கும். நீ எழுந்து நீயே திற.

அவசரமில்ல. நாளைக்கு லேபுக்கு ஃபோன் பண்ணி, பதினஞ்சாம் தேதி வரேன்னு சொல்லிக்கலாம். இப்போ தூங்கு.

அக்கா